மாரியாயி அக்கா வந்தால் படம் போகும்

டீவி ரிப்பேர்காரனுக்கென்று ஒரு ராசி உண்டு: அவன் வாசப்படி ஏறினதும், போன படம் தானாக வந்துவிடும். ஏணியும் வயருமாக மழையில் அலைகிற என் இனத்துக்காரர்களே, இந்த ராசியால் நான் பட்ட பாட்டை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

நல்லா இருக்கிற நோயாளி

கந்தப்பளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கிற லயத்தின் தொங்கல் காம்பராவில், அதாவது கடைசி அறையில், கருப்பையா அண்ணன் வீடு. அவருக்குத் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் ராத்திரி வேலை, பகலெல்லாம் வீட்டில்தான். கூரைத் தகரம் துருப்பிடித்துக் கிடந்ததால், டிஷ்ஷைப் பக்கச் சுவர் ஓரமாக, கை எட்டுகிற உயரத்தில், கட்டையான ஒரு கம்பத்தில் நான்தான் பூட்டிக் கொடுத்தேன். மழைக்காலம் தொடங்கியதும் போன் வந்தது. "தம்பி, சாயங்காலமானா படம் போயிருது."

மத்தியானமே போய்ச் சேர்ந்தேன். கொட்டுகிற மழையிலும் படம் கண்ணாடி மாதிரி ஓடுது! வயரை மாற்றினேன், பெட்டியைத் துடைத்தேன், ஒரு கோளாறும் இல்லை. எரிச்சலோடு சாமானைக் கட்டும்போது அண்ணன் தேத்தண்ணியை நீட்டிச் சொன்னார்: "உங்களக் கண்டா பயந்துக்கிட்டு ஒழுங்கா ஓடுது தம்பி. பேசாம நீங்க இங்கேயே தங்கிருங்களேன்!"

ஊர் வைத்தியம்

அடுத்த வாரம் போனால் படம் சுத்தமாக இல்லை. அப்பாடா, கோளாறு சிக்கிவிட்டது என்று சந்தோஷமாக வெளியே வந்து பார்த்தேன். டிஷ் வேறு திசையில் நிற்கிறது. பக்கத்துக் காம்பரா ராசு உதவி செய்கிறேன் என்று திருப்பி வைத்திருக்கிறார். அடப்பாவி! தலையில் அடித்துக்கொண்டு திரும்பச் சரி செய்தேன்.

ராசுவுக்குக் கொஞ்சமாவது கூச்சம் இருக்க வேண்டுமே? என்னை ஒரு பார்வை பார்த்துச் சொன்னார்: "பாக்கிறது பூரா இந்தியா நாடகம். அப்ப இந்தியா பக்கம் திருப்பாம, வேற எந்தப் பக்கம் திருப்புறதாம்?"

பழி

அதற்குப் பிறகும் சாயங்காலமானால் படம் போகிறது என்றுதான் போன். கருப்பையா அண்ணனே காரணத்தையும் கண்டுபிடித்துவிட்டார். அவர் மனைவி மாரியாயி அக்கா பறித்த கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு மலையிலிருந்து வந்து உள்ளே கால் வைத்தால் படம் போகிறதாம். ராசி கெட்ட காலாம்! "அண்ணே, அது டீவி, சாமி இல்ல" என்று நான் கத்தினேன். யார் கேட்கிறார்கள்?

அன்றைக்கு ராத்திரி அக்காவே போனில் பேசினார். அவர் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து கொழும்புக்குப் போய் டீவிக்குப் பாடிவிட்டு வந்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு அதை டீவியில் காட்டுகிறார்களாம். "தம்பி, நான் அந்த டீவியில முழுசா ஒரு பாட்டுக்கூடப் பாத்ததில்ல. எம் புள்ள பாடுறதயாவது பாப்பேனா மாட்டேனா, அத மட்டும் சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை

நாலு மணிக்கே போய் டீவி முன்னால் உட்கார்ந்துவிட்டேன். லயமே அந்தக் காம்பராவுக்குள் நெருக்கிக்கொண்டிருக்கிறது. படம் ஜோராக ஓடுது. அறிவிப்பாளர் பள்ளிக்கூடத்துப் பேரைச் சொன்னார், பிள்ளைகள் வரிசையாக மேடையேறினார்கள், பொசுக்கென்று படம் போச்சு! அந்த நேரம் பார்த்து, மலையிலிருந்து ஓடி வந்த மாரியாயி அக்கா நனைந்துபோய் வாசலில் நிற்கிறார். எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது. "சொன்னேனா இல்லையா?" என்றார் அண்ணன். அக்கா உள்ளே வைத்த காலை எடுத்துக்கொண்டு மழைக்குள் இறங்கிவிட்டார்.

ஏணியைத் தூக்கிக்கொண்டு பக்கச் சுவருக்கு ஓடினேன். அங்கே என் டிஷ் தெரியவே இல்லை. அக்கா இடுப்பில் கட்டுகிற படங்குத் துணியும், தலைக்குப் போடுகிற கம்பளியும் சொட்டச் சொட்ட அதன் மேல் தொங்குகின்றன! காம்பராவுக்குள் ஈரம் சொட்டக் கூடாதென்று, வந்ததும் அங்கே மாட்டுகிறார். காலையில் எடுத்துக் கட்டிக்கொண்டு மலைக்குப் போய்விடுகிறார். பகலில் வருகிற எனக்கு எங்கே தெரியும்?

பிடுங்கி எறிந்தேன். உள்ளே "வந்துருச்சு! வந்துருச்சு!" என்று ஒரே கூச்சல், அதற்கு மேலே டீவியில் மகள் பாடுகிற குரல். "அக்கா, உங்க காலும் இல்ல, ராசியும் இல்ல, இந்தக் கம்பளிதான். உள்ள போங்க!" என்றேன். அக்கா கம்பளியைப் பார்த்தார், டிஷ்ஷைப் பார்த்தார், சிரிக்கக்கூடச் சிரித்தார். ஆனால் உள்ளே போகவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நனைந்தபடி எட்டிப் பார்த்தே சொன்னார்: "வெளங்குது தம்பி. இருந்தாலும் அவ பாடி முடிச்சிரட்டும், அப்புறமா உள்ள போறேன்."

அதிலிருந்து எந்த வீட்டில் படம் போச்சு என்று போன் வந்தாலும், வயரையும் பெட்டியையும் விசாரிக்கும் முன்னால், "பழிய யார் மேல போட்டு வச்சிருக்கீங்க?" என்றுதான் கேட்கிறேன்.