மேட்டு நிலத்து உளுந்து

காலை பத்து நாற்பதுக்கு அந்தக் கேள்வி வந்தது. அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஜீப்பிலிருந்து இரண்டு அதிகாரிகள் இறங்கினார்கள். ஒருவர் வேளாண்மைத் துறை, இன்னொருவர் நகர் ஊரமைப்பு அலுவலகம். வேளாண்மை அதிகாரி எங்கள் வரப்பில் நின்று குனிந்தார், ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்தார், என்னைப் பார்த்தார்.

"இது என்னங்கம்மா?"

உளுந்து. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பக்கத்தில் நின்ற என் மகளுக்கு மட்டும் அன்று காலையில்தான் தெரிந்தது. அவள் என்னைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்க முடியவில்லை.

திருக்காட்டுப்பள்ளி போகிற சாலையோரம் எங்களுக்கு முப்பது சென்ட் இருக்கிறது. பட்டாவில் நன்செய். பிசியோதெரபி படித்துவிட்டுத் திருச்சியில் வேலை பார்த்த மகள், அங்கே ஒரு சிகிச்சை மையம் கட்ட ஆசைப்பட்டாள். பக்கவாதம் வந்தவர்கள் தஞ்சாவூருக்குப் பஸ் ஏற முடியாமல் கட்டிலோடு கிடந்துவிடுகிறார்கள் என்பது அவள் ஆதங்கம். நன்செய்யில் கட்டிடம் கட்ட, நில உபயோகத்தை மாற்றிக்கொள்ள அரசு அனுமதி வேண்டும். அயர்லாந்தில் ஒரு மருத்துவமனையும் அவளைக் கூப்பிட்டிருந்தது. "அனுமதி கிடைச்சா இங்க இருப்பேன்மா. இல்லன்னா போயிடுவேன். அப்புறம் ஏர்போர்ட்ல வந்து அழக் கூடாது" என்று சொல்லிவிட்டாள். எனக்கு ஒரே பிள்ளை.

விண்ணப்பம் போடுவதற்கு முன்பே வரைபடத்தை எடுத்துக்கொண்டு நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்குப் போய் யோசனை கேட்டோம். ஜீப்பில் வந்த இதே ஊரமைப்பு அதிகாரிதான் அன்றும் இருந்தார். "மூணு விஷயந்தாங்க பாப்போம். நிலத்துக்குத் தண்ணி பாயுதா? பக்கத்து வயல் தண்ணி இது வழியா வடியுதா? வண்டி வரப் பாதை இருக்கா? மத்ததெல்லாம் பேப்பர்" என்றார். பாதை இருந்தது. கீழண்டை வயலின் வடிகால் எங்கள் ஓரமாகப் போவதை அவரே வரைபடத்தில் காட்டி, அதற்கு இடம் விடச் சொன்னார். மகள் அங்கேயே பென்சிலால் ஆறடி ஒதுக்கினாள். தண்ணீர் பாயாததுதான் எங்களுடைய பலம். சாலையை அகலப்படுத்தியபோது வாய்க்காலைத் தள்ளி ஆழமாக வெட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் மேட்டுக்கு ஒரு சொட்டு ஏறியதில்லை. 'பாசனம் இன்றித் தரிசாக உள்ளது' என்று விண்ணப்பத்தில் எழுதினோம்.

உண்மைதான். ஆனால் தரிசு என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. அதிகாரிகள் வந்து பார்க்கப்போகிறார்கள், நிலம் முள்ளும் கோரையுமாகக் கிடக்கிறது. பெண் பார்க்க வருகிற அன்று வாசல் கூட்டாமல் இருப்பதுபோல இருந்தது. ஆவணி மழைக்கு ஆள் விட்டு உழுது, உளுந்து தெளித்துவிட்டேன். நல்ல அபிப்பிராயம் வரும் என்று நம்பினேன். பள்ளிக்கூட அலுவலகத்தில் இருபது வருடமாகக் கோப்பு பார்க்கிறவள் நான். என் கையெழுத்தை என் கையாலேயே பொய்யாக்கியது எனக்கு உறைக்கவில்லை.

"என்னங்கம்மா, கேட்டேனே?"

"தானா முளைச்சதுங்க" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது.

"சரிங்க. தானா களையும் எடுத்துக்கிச்சா?"

மகள் முன்னால் வந்தாள். "அம்மா போட்டதுதான் சார். தப்புதான். ஆனா தண்ணி ஏறாதுங்கறது நிஜம்."

"தண்ணி ஏறாமலா இவ்வளவு பச்சை? மழை நின்னு இருபது நாளாச்சும்மா." அவர் பேனாவைத் திறந்தார். நான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். கண் முன்னால் ஏர்போர்ட் தெரிந்தது.

அப்போதுதான் கீழண்டை வயலிலிருந்து ஒரு பெண்மணி ஏறி வந்தார். அந்த வயலைக் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்கிறவர். அவருடைய அம்மா அதே வயலில் கூலிக்கு நாற்று நட்டவர். பாதி உளுந்து அவருக்கு, தண்ணீர் ஊற்றுவது அவர் பொறுப்பு என்று பேசியிருந்தோம். இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம். ஜீப் மறைவில் நின்றவர்களை அவர் பார்க்கவில்லை.

"அக்கா, இன்னிக்கு ஆறு கொடந்தான். தோளு விட்டுப்போச்சு. காவேரியே ஏற மாட்டேங்குது இந்த மேட்டுல, என்னையப் போயி ஏறச் சொல்றீங்களே!"

வேளாண்மை அதிகாரியின் பேனா நின்றது. பிறகு அவர் சிரித்தார். ஆனால் சிரிப்போடு விடவில்லை. மடையை வெட்டிக் காட்டச் சொன்னார். வாய்க்காலில் சம்பாவுக்கான தண்ணீர் நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்மணி மண்வெட்டியால் நாலு வெட்டு வெட்டினார். தண்ணீர் எங்கள் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு முழத்துக்குக் கீழேயே போய்க்கொண்டிருந்தது. அதிகாரி குச்சி வைத்து அளந்தார், போட்டோ எடுத்தார்.

"உங்களுக்கு ஏதும் ஆட்சேபணை உண்டாங்க?" என்று நகர் ஊரமைப்பு அதிகாரி அந்தப் பெண்மணியிடம் கேட்டார்.

"என் வடிகாலை அடைச்சா உண்டு சார். சம்பா முழுகிடும்."

மகள் வரைபடத்தை விரித்து அந்த ஆறடியைக் காட்டினாள். அவர் அதை நம்பவில்லை. காலால் அடி அடியாக அளந்து பார்த்துவிட்டுத்தான் தலையாட்டினார்.

ஜீப் கிளம்பும்போது வேளாண்மை அதிகாரி கண்ணாடியை இறக்கினார். "உளுந்தைப் பறிச்சிட்டுக் கட்டுங்கம்மா. நல்லா காய்ச்சிருக்கு."

அதற்குப் பிறகும் நாளிதழ் விளம்பரம், ஆட்சேபணைக் கெடு, மேல் அலுவலகம் என்று மாதங்கள் போயின. தெருவில் எந்த வண்டி நின்றாலும் ஜீப்போ என்று ஜன்னலுக்கு ஓடுவேன்; இப்போதும் ஓடுகிறேன். ஆனால் அனுமதி வந்தது. அயர்லாந்துக்கு வரவில்லை என்று மகள் நன்றி சொல்லி எழுதிய கடிதத்தை நான்தான் எழுத்துப்பிழை பார்த்தேன். அத்தனை சந்தோஷமாக ஒரு கடிதத்தை நான் படித்ததே இல்லை.

திறப்பு நாளன்று எங்கள் உளுந்தில்தான் வடை. சொந்தக்காரர்கள் சாப்பிட்டுக் கிளம்பினார்கள். கீழண்டை வயல் பெண்மணியை மட்டும் காணோம். இரண்டு முறை வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தேன். மதியத்துக்கு மேல், காலில் சேற்றோடு, வலது தோளை இடது கையால் பிடித்துக்கொண்டு வடிகால் ஓரமாக நடந்து வந்தார்.

"அக்கா, உங்க உளுந்துக்குத் தண்ணி தூக்குன தோளுங்க இது. டாக்டரம்மாவைக் கூப்பிடுங்க. முதல்ல இதுக்கு ஒரு வழி பண்ணட்டும், அப்புறம் ஊரைப் பாக்கலாம்."