வாப்பா திறந்த கதவு

அன்று பிற்பகல் இரண்டு நாற்பதுக்கு எங்கள் காரின் நான்கு கதவுகளும் யாரும் தொடாமலேயே டக்கென்று பூட்டிக்கொண்டன. சாவி உள்ளே இருந்தது. ஒன்றரை வயதுத் தம்பி பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான். கண்ணாடிகள் முழுக்க ஏற்றப்பட்டிருந்தன. சித்திரை வெயில்.

வாப்பா சவூதிக்குத் திரும்பும் வாரம் அது. பயணம் போகிறவர் சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் போய்ச் சொல்லிக்கொண்டு, அறியாமல் செய்த பிழைகளுக்கு மாப்புக் கேட்டுவிட்டு வருவது எங்கள் வழக்கம். அப்படித்தான் மாமா வீட்டு வாசலில் இறங்கியிருந்தோம். மாமா, உம்மாவின் அண்ணன். "மாப்பிள்ளைக்கு ஆபீஸ் வேலை" என்ற ஒன்றுக்காகவே வேறு நல்ல சம்பந்தங்களைத் தள்ளிவிட்டு உம்மாவைக் கட்டிக்கொடுத்தவர். வாப்பாவை அவர் 'மேனேஜர்' என்றுதான் கூப்பிடுவார்.

பழைய கார். வாப்பா ஊரில் இல்லாத காலமெல்லாம் போர்வை போர்த்தி நிற்கும். வாப்பா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து பொருத்தச் சொன்ன பவர் லாக் எங்கள் தெருவின் அதிசயம். டிரைவர் பக்கக் குமிழை அழுத்தினால் மற்ற மூன்றும் தாமாக இறங்கும். உப்புக்காற்று அதற்குள்ளும் புகுந்திருக்க வேண்டும். அந்த வாரம் முழுக்க நினைத்தபோது பூட்டிக்கொண்டது, நினைத்தபோது திறந்தது. வாப்பா தொடவே இல்லை. "மெக்கானிக் யாரையாச்சும் வரச்சொல்லிப் பாக்கணும்" என்பார், வெள்ளைச் சட்டையின் கையைக்கூட மடிக்காமல். இன்று என் பிள்ளைகள் பெரியவர்களாகிவிட்டார்கள்; இருந்தும் காரில் அவர்கள் இருக்கும்போது நான் இறங்குவதில்லை.

கதவுகள் பூட்டிக்கொண்டதைப் பார்த்ததும் மாமா ஸ்கூட்டரை உதைத்தார். "மேனேஜர், நீங்க கைய வச்சிராதீங்க. ஷாக்கு கீக்கு அடிச்சிரப்போவுது. தோ, ஆளக் கூட்டிட்டு வந்துடுறேன்."

அவர் தெருமுனை திரும்புமுன் தம்பி விழித்துக்கொண்டான். கண்ணாடியில் கையை வைத்து அழுதான். சத்தம் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. முகம் செக்கச் செவேலென்று ஆனது.

"கல்ல எடுத்துப் போடுங்களேன், பாத்துக்கிட்டே நிக்கிறீங்க!" என்றார் எதிர்வீட்டு அக்கா.

"வேணாம். சில்லு புள்ள கண்ணுல தெறிக்கும். கம்பி விட்டுத் தொறந்து பாக்குறேன், நடக்கலன்னா அப்புறம் கல்லுதான். குடை இருக்கா? பழைய குடை?" என்றார் வாப்பா.

குடையை வாங்கி ஒரு கம்பியை முறித்தார். நுனியை வாசற்படியில் வைத்து வளைத்தார். கண்ணாடிக்கும் ரப்பருக்கும் நடுவே அதை இறக்கிவிட்டு, கதவில் காதை ஒட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். உள்ளே கம்பி எதையோ மாட்டியது. குமிழ் எழும்பியது. எழும்பிய வேகத்தில் மோட்டார் அதைக் கீழே இழுத்தது. மறுபடி எழும்பியது, மறுபடி இழுத்தது.

"வயரு எங்கயோ உரசுது. கம்பி அசையுறப்பல்லாம் மோட்டாரு இழுக்குது" என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு உம்மாவிடம், நான் அதுவரை கேட்டிராத அதட்டலில், "கைப்பிடியப் புடி. நான் 'ம்'முன்னதும் இழு. யோசிக்காத."

"ம்!"

கதவு திறந்தது. சூடு முகத்தில் அடித்தது. வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்த தம்பியை உம்மா வாரிக்கொண்டார். அவன் வீறிட்டு அழுதபோதுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

வாப்பா அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் கை நிற்கவில்லை. வெள்ளைச் சட்டையோடு தரையில் சாய்ந்து, கதவு வண்டியோடு சேரும் இடத்திலிருந்த ரப்பர்க் குழாயை உருவினார். பச்சை பூத்த வயர் ஒன்று உறை கிழிந்து கிடந்தது. பல்லால் சீவினார், முறுக்கினார், மாமியிடம் டேப் வாங்கிச் சுற்றினார். குமிழை அழுத்தினார். நான்கும் சொன்னபடி கேட்டன. உம்மா தம்பியின் தலையைத் துடைத்துக்கொண்டே அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. அன்று மட்டுமல்ல, எனக்குத் தெரிந்து எப்போதும் கேட்கவில்லை. நான் கேட்டிருக்கலாம் என்று தோன்றும் வயது வந்தபோது வாப்பா மௌத்தாகிவிட்டார்.

அப்போதுதான் மாமாவின் ஸ்கூட்டர் வந்து நின்றது. பின்னாலிருந்து மெக்கானிக் இறங்கினார். காரைச் சுற்றி வந்து, குனிந்து வயர்க்கட்டைத் தடவிப் பார்த்தார். வாப்பாவின் கையையும் பார்த்தார்.

"யாரு இது போட்டது? நல்ல தொழில் தெரிஞ்ச கையா இருக்கே. அண்ணே, நீங்க எந்த ஒர்க்‌ஷாப்புல..."

மாமா வாப்பாவைத் திரும்பிப் பார்த்தார். வாப்பா தலை நிமிரவில்லை.

எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. "எங்க வாப்பா ஒண்ணும் ஒர்க்‌ஷாப்பு இல்ல. ஆபீசுல மேனேஜர்!"

மெக்கானிக் என்னைப் பார்த்தார், பிறகு வாப்பாவை. கையிலிருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மாமாவிடம் சிரித்தார்.

"அதான பாத்தேன், பாய். இத யாரு வேணாலும் போடலாம். புள்ள உள்ள கெடந்தா ஆபீசருக்கும் கை தானா வந்துரும்."

வாப்பாவைக் குறைத்துச் சொல்கிறாரே என்று அந்த ஆள்மேல் எனக்குக் கோபம் வந்தது. வாப்பா மட்டும் ஏன் எழுந்து போய், கறுத்த கையோடு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றார் என்று எனக்கு அன்று புரியவில்லை.