காலை லாரிக்குப் பேட்டா

வலங்கைமான் பக்கம் ஒரு ரைஸ்மில்லில் எடைமேடையில் பில் போடுகிறேன். என்னோடு வேலைக்குச் சேர்ந்த தம்பி ஒருவனுக்கும் அதே வேலை, அதே சம்பளம். ஆனால் சம்பா அறுவடை வந்தால் அவன் கவர் மட்டும் புஷ்டியாக இருக்கும். ஏன்டா என்று கேட்டேன். "சீசன் பேட்டாக்கா. ராத்திரி எட்டு வரைக்கும் இருக்கோம்ல?"

நான் ஆறு மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். அதை விட்டால் எங்கள் ஊருக்கு வேறு பஸ் கிடையாது. ஸ்கூட்டி இருந்தால் எட்டு வரை இருக்கலாம். பேட்டா வந்தால்தான் ஸ்கூட்டிக்கு முன்பணம் கட்டலாம். நல்ல கூத்து!

சரி, எட்டு வரை அப்படி என்னதான் செய்கிறார்கள்? தெரியாவிட்டால் எனக்குத் தலையே வெடித்துவிடும். ஒரு நாள் வீட்டுக்காரரை வெல்டிங் பட்டறையைச் சீக்கிரம் மூடிவிட்டு வந்து கூட்டிப்போகச் சொல்லி, நானும் உட்கார்ந்தேன். டீ வந்தது. பஜ்ஜி வந்தது. ஆளாளுக்கு செல்போனில் கிரிக்கெட் பார்த்தார்கள். லாரி மட்டும் வரவே இல்லை.

எப்படி வரும்? பனி காய்ந்த பிறகுதான் அறுப்பு மெஷின் வயலில் இறங்கும். அறுத்து, மூட்டை பிடித்து, ஏற்றி, மறுநாள் காலையில்தான் லாரிகள் மில் வாசலுக்கு வரும். அப்போது அங்கே இருப்பவள் நான் ஒருத்திதான். ஆபீஸ் ஒன்பதுக்கு, முதல் பஸ் என்னை ஏழுக்கே இறக்கிவிடும். சும்மா இருப்பானேன் என்று பில் போட்டுக்கொண்டிருந்தேன்.

நேராக முதலாளியிடம் போனேன். "லாரி வராத நேரத்துக்கு பேட்டா இருக்கு. வர்ற நேரத்துக்கு ஏன் சார் இல்ல?"

சிரித்தார். "நீ பஸ்ஸுக்காகத்தானேம்மா சீக்கிரம் வர்றே?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அவங்க பஜ்ஜிக்காகத்தானே சார் இருக்காங்க?"

பேனாவை உருட்டிக்கொண்டே யோசித்தார். "சரி, காலைக்கும் ஒரு ஆளுக்குப் போட்டுடலாம். ஆனா ஆறரைக்கே எடைமேடை திறந்துடணும்."

சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் மண்டையை ஆட்டிவிட்டு வந்தேன். பஸ் ஏழுக்குத்தான் வரும் என்பது வெளியே வந்த பிறகுதான் உறைத்தது.

மறுநாள் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓட்டமும் நடையுமாகப் போனேன். வாசலில் தம்பியின் பைக். உள்ளே அவன் மூன்றாவது லாரிக்கு பில் போட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்.

"வாங்கக்கா! நீங்க கேட்டதாலதான் இந்த மாசம் பைக் தவணை கட்டப்போறேன். ரொம்ப தேங்க்ஸ்க்கா!"