சீசனுக்கு இறக்கிய விதைப்பூண்டு

எங்கள் மலையில் ஆறு வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த இங்கிலீஷ் சொல் சீசன். மன்னவனூர்ப் பள்ளியில் பதினெட்டு வருஷமாக இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் பிள்ளைகளிடம் ஒரே பதில்தான்: "டூரிஸ்ட் கார் வர்ற மாசம் சார்." அகராதியோ பருவம், பழம் மலியும் நாள், ரயிலுக்கு மாதச் சீட்டு, கிரிக்கெட் நடக்கும் காலம், தொடரின் ஒரு பாகம் என்று அடுக்குகிறது. பிறப்பைத் தேடினால் பழைய பிரெஞ்சு வழியாக லத்தீனுக்குப் போகிறது. அங்கே அதற்கு விதைப்பு என்று பொருள். அதைப் படித்த அன்று எனக்குச் சேனாதிபதியின் நினைவுதான் வந்தது.

சேனாதிபதி எங்கள் ஊர் மலைப்பூண்டு விவசாயி. மாசியில் எடுத்த பூண்டில் விதைக்கு நல்லதாகப் பொறுக்கிக் கட்டுக்கட்டாக அடுப்புக்கு மேலே தொங்கவிடுவார். ஈரம் ஏறி அழுகாமலிருக்க, ஆனியில் ஊன்றும் வரை அது புகையிலேயே கிடக்க வேண்டும். அவர் அப்பா காலத்திலிருந்து வெளியே விதை வாங்கியதில்லை. அந்தத் திமிர் அவருக்கு உண்டு. எனக்கும் அது பிடிக்கும்.

போன சித்திரையில் மகன் ஜெயமுருகன் வீட்டைச் சுற்றுலா வந்தவர்களுக்கு வாடகைக்கு விட்டான். குடும்பம் தகரக் கொட்டகைக்குப் போனது. வந்த மகராசர்களுக்குப் புகை கண்ணைக் கரித்ததாம், பூண்டு வாடை குமட்டியதாம்.

"ஒரு மாசந்தானப்பா, சீசன் முடியட்டும்" என்றான் மகன்.

சேனாதிபதி ஏணி போட்டுத் தானே ஏறி, கட்டுகளை இறக்கிக் கொட்டகையில் அடுக்கினார்.

"மழ வந்தா என்ன செய்வீங்க?" என்று மனைவி கந்தம்மாள் கேட்டார்.

"தார்ப்பாய் கெடக்குல்ல, மூடிக்கிருவேன். நீ சோலியப் பாரு."

கோடை மழை பதினோரு நாள் விடாமல் பெய்தது. தார்ப்பாயை விலக்கியபோது பூண்டு பூசணம் பிடித்துக் குழகுழவென்று கிடந்தது. ஊரில் ஊன்றுகிற நேரம், எவரிடமும் மிச்ச விதை இல்லை. கீழே சமவெளியில் விளையும் பூண்டு எங்கள் குளிருக்குத் தாங்காது. பாத்தி கட்டிய கொல்லை சும்மா கிடப்பானேன் என்று ஜெயமுருகன் அதில் சுற்றுலா வருகிறவர்களுக்குக் கூடாரம் போடத் தொடங்கினான்.

நான் போன அன்று மகன் பாத்தியில் கம்பி அடித்துக்கொண்டிருந்தான். சேனாதிபதி பக்கத்தில் நின்று கயிற்றை இழுத்துப் பிடித்திருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. அவரைத் தனியே கூப்பிட்டு, "மகன நாலு வார்த்த கேக்கக் கூடாதா?" என்றேன்.

"எப்பிடிங்க சார் கேப்பேன்? எங் கையால எறக்குனது. அவன் எறக்கியிருந்தா, இந்நேரம் அவன வைஞ்சுக்கிட்டாவது திரிவேன்."