பழுதுபார்ப்பு என்று நான் எழுதிய ஓடுபாதை

போர்நிறுத்தக் காலத்தில் ஒஸ்லோவில் நடந்த பேச்சுகளுக்கு என்னையும் ஆலோசகனாகக் கூப்பிட்டார்கள். நான் இங்கே நோர்வேயில் வீதி அமைக்கும் பொறியியலாளன். உடன்பாட்டின்படி இராணுவ விமானத்தளங்களைப் பழுதுபார்க்கலாம், நீட்டக் கூடாது. இராணுவம் அதை மீறுகிறது என்று ஒரு முறைப்பாடு வந்தது. ஒரு நாள் வான்படம் ஒன்றை என் முன்னால் வைத்து, எங்கள் ஊர் ஓடுபாதையில் நடப்பது இதில் எது என்று கேட்டார்கள்.

பார்த்ததும் தெரிந்துவிட்டது. புதுக் கொங்கிறீற் என் தம்பியின் தோட்டத்துக்குள் நுழைந்திருந்தது. கிணற்றை மூடியிருந்தார்கள்.

சொந்த நலன் உள்ளவன் அதைச் சொல்லி விலகிக்கொள்வது இந்த நாட்டு அலுவலகங்களில் கண்டிப்பான வழக்கம். நான் சொல்லவில்லை. அந்த மேசையில் கிடைத்த கதிரையை விட மனமில்லை. உண்மையை எழுதி, பிறகு காணி யாருடையது என்று தெரியவந்தால் பக்கச்சார்பு என்பார்களே என்றும் பயந்தேன். 'பழுதுபார்ப்பு' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். முறைப்பாடு அத்தோடு கைவிடப்பட்டது.

தம்பி இறந்தபின் அவன் மனைவி ஒஸ்லோ புறநகரான எல்லிங்ஸ்ருட்டில் எங்களோடுதான் இருக்கிறாள். இப்போது ஊரில் இராணுவம் பிடித்த காணிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி விடுகிறார்கள். போன மாதம் வழக்கறிஞரின் கடிதத்தோடு சமையலறைக்கு வந்தாள்.

"அத்தான், உடன்பாட்டுக்குப் பிறகுதான் ஆமி எங்கடை காணிக்குள்ளை வந்தது எண்டு ஆராவது எழுதித் தரவேணுமாம். அவையள் ஒரு நோர்வே அறிக்கையைக் காட்டி, பழைய ஓடுபாதையைத் திருத்தினது மட்டும்தான், அதாலை காணியை விடேலாது எண்டு சொல்லினமாம்."

"ஆர் எழுதின அறிக்கையாம்?"

"ஆரோ எஞ்சினியராம். பேரைக் கறுப்படிச்சு மறைச்சிருக்கு. எங்கடை ஊர்ப்பக்கமே போயிருக்கமாட்டான், விசரன்." சிரித்தாள். "நீங்கள் அந்த ஆக்களோடை இருந்தனீங்கள்தானே. ரண்டு வரி எழுதித் தாங்கோவன்."

எழுதினால் என் பழைய கையெழுத்து வெளியே வரும். எழுதாவிட்டால் காணி போகும். மூன்று நாள் தலையிடி என்று சொல்லி அறைக்குள் கிடந்தேன். நாலாம் நாள், அவள் மரக்கறி வெட்டிக்கொண்டிருக்கும்போது சொன்னேன்.

"அந்த எஞ்சினியர் நான்தான்."

கத்தியைக் கீழே வைத்தாள். "கிணறு மூடினது படத்திலை தெரிஞ்சதோ?"

"ஓம்."

"அப்ப அதையும் எழுதுங்கோ."

நான் எழுதி முடிக்கும்வரை எதிரே இருந்தாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு கதைப்பதில்லை. ஒரே சமையலறையில், நான் எழுந்து போன பிறகு வந்து சாப்பிடுகிறாள்.

கடிதம் கிடைத்ததாக வழக்கறிஞர் நேற்று தொலைபேசியில் சொன்னார். ஒரே ஆள் இரண்டு விதமாக எழுதியிருந்தால் இரண்டாவதை எப்படி நம்பச் சொல்வது என்று கேட்டார். தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டிருந்தேன். அவள் கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.