ஸ்பீக்கர்மேல் ஒரு கை

மில்லர்புரத்தில் ஒரு ஷெட்டில் ஆறு வருஷமாக போஸ்ட்-பங்க் என்கிற முரட்டு ராக் இசை வாசிக்கிறோம். வந்தவர்களெல்லாம் இரைச்சல் என்று பாதியிலேயே எழுந்து போனார்கள். அதனால்தான், மூன்று ஞாயிறாக வந்து என் பேஸ் கிட்டார் ஸ்பீக்கர்மேல் கைவைத்து நின்ற பெரியவரை நான் நம்பவில்லை. சத்தத்தை நிறுத்த அக்கம்பக்கத்தார் அனுப்பிய ஆள் என்றே நினைத்தேன்.

மூன்றாம் ஞாயிறு பாட்டை நிறுத்தி அவர் கையைப் பிடித்தேன். "என்ன அண்ணாச்சி, ஒயரப் பிடுங்கப் பாக்கியளா?"

அவர் என் வாயையே பார்த்தார். "கடல்ல முங்கி சங்கு குளிச்சுக் குளிச்சு ரெண்டு காதும் போயிட்டு தம்பி. எந்தக் கச்சேரியும் கேக்காது. ஒங்க பாட்டு மட்டும் கையில கேக்கு."

கும்பிட்டுவிட்டு மறுபடி வாசித்தேன். கடைசிவரை நின்று கேட்டார். அப்படி நின்றவர் அவர் ஒருவர்தான்.

அவர் போனதும் நான் குனிந்து ஒயரைச் சரிபார்த்தேன். அதை மட்டும் பேண்டில் யாரிடமும் இன்றுவரை சொல்லவில்லை.