முதலாளியின் பங்கு

வரிக் கணக்கு எழுதுகிற தொழிலில், சம்பளக்காரர் வந்தால் கால் மணி நேர வேலை. சொந்தத் தொழில்காரர் வந்தால் தேநீர் ஊற்றி வைத்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். நீங்களும் அந்த இரண்டாவது ரகம் என்றால், சிவா உங்களுக்குத் தெரிந்த ஆள்தான்.

இரண்டு சிவா

நாங்கள் குடிபெயர்ந்து வந்த இந்த நகரத்தின் மல்வேர்ன் பகுதியில் வீடுகளுக்குப் பெயின்ற் அடிக்கிற சிவா, கொம்பனி வேலையை விட்டுத் தனியாகத் தொடங்கிய முதல் வருடம் என்னிடம் வந்தார். செலவுகளைக் கழித்த பிறகு வருமான வரி சொற்பம்தான். பென்சன் நிதிக்குக் கட்ட வேண்டியது அதைவிடப் பெரிதாக நின்றது. கொம்பனியில் பாதியை முதலாளி கட்டினார், இப்போது முதலாளியும் நீங்கள்தான், இரண்டு பாதியும் உங்களுடையது என்று விளக்கினேன். சிவா கணக்குத் தாளை என் பக்கம் திருப்பித் தள்ளினார்.

"அப்ப முதலாளி சிவாவை வேலையாலை நிப்பாட்டுங்கோ, அக்கா. தொழிலாளி சிவா தன்ரை பங்கைக் கட்டுவான்."

மண்டபச் செலவு

அடுத்த வருடம் பெயின்ற், தூரிகை, வேலைக்கு ஓடுகிற வானுக்கு அடித்த பெற்றோல் ரசீதுகளோடு, மகளின் சாமத்திய வீட்டு மண்டப ரசீதும் வந்தது. விளம்பரச் செலவாம். வந்த சனத்தில் முக்கால்வாசிப் பேர் அவருடைய வாடிக்கையாளர்களாம்; சாப்பாட்டு மேசைகளில் தொழில் அட்டையும் வைத்தாராம்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிள்ளை பெரியவளானதைத் தொழிற்செலவில் எழுத முடியாது என்றேன். இல்லாத செலவைக் காட்டி வருமானத்தைக் குறைத்தால் பென்சனுக்குச் சேருவதும் குறையும், வயது போன பிறகு மட்டுமல்ல, கை கால் ஏலாமல் போனாலும் உதவுகிற காசு அது என்றும் சொன்னேன். சிவா ரசீதுகளைத் திரும்பவும் பைக்குள் அடுக்கினார்.

"அஜின்கோர்ட் பக்கத்திலை ஒராள் வரிக் கணக்குச் செய்யிறார், அக்கா. அவர் உப்பிடி ஒண்டும் கேக்கமாட்டார்."

ஏணி

சில வருடங்கள் கழித்து, மனைவி மாலதியோடு திரும்பி வந்தார். ஏணியிலிருந்து விழுந்து வலது தோள் போய்விட்டது. கை காதுக்கு மேலே எழும்பாது. ஏலாதவர்களுக்கான பென்சனுக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள். அண்மை வருடங்களில் போதிய அளவு கட்டவில்லை என்று அரசாங்கம் மறுத்துவிட்டது. உண்மைதான்; அந்த அஜின்கோர்ட் ஆள் மூலம் அவர் காட்டிய வருமானம், பென்சனுக்குக் கட்டவே தேவையில்லாத அளவுக்குச் சிறியது.

பழைய கணக்குகளை இப்போது திருத்தினால் வரியும் வட்டியும் நிச்சயம், பென்சன் நிச்சயமில்லை. அதைச் சொல்ல மனம் வரவில்லை, ஆனாலும் சொன்னேன். எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. வீட்டு வாடகை இனி மாலதியின் பேக்கரிச் சம்பளத்தில்தான். மாலதி மறுப்புக் கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

"இவ்வளவு காலமும் அரசாங்கத்துக்கு ஏழையெண்டு காட்டினம், அக்கா. இனிக் காட்டத் தேவையில்லை."

வரியில் மிச்சம் பிடித்தோம் என்று நாம் சந்தோஷப்படுகிற காசில் கொஞ்சம், நம்முடைய சட்டைப்பையிலிருந்தே நாம் களவெடுத்தது.